ஐந்தாவது தரம்

1

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டு எஜமான் என் இகாமாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். இகாமா என்றால் இந்த நாட்டில் தங்கியிருப்பதற்கான அட்டை. புதுப்பித்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு வருடத்துக்கு. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "மப்றூக்" என்றார் சிரித்துக்கொண்டு. எனக்கு வாழ்த்துச் சொல்கிறாராம். நானும் பல்லைக் காட்டி, அவர் நல்லாயிருக்க வேணும் என்று வாய்க்கு வந்த துஆவைச் சொல்லி வைத்தேன். இந்த வாயைச் செருப்பால் அடிக்க வேணும்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது கேட்க நல்லாயிருக்கும். "சவூதியில இன்னும் ரெண்டு வருசமாம், அவள்ற நசீபப் பாரு" என்று வேலிக் கடப்படியில் நின்று கதைப்பீர்கள். நானும் ஒரு காலம் மற்றவளைப் பற்றி அப்படிக் கதைத்தவள்தான். நசீபா, அதிர்ஷ்டமா இல்லையா என்று இதை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

2

நான் சாய்ந்தமருதுக்காரி. கல்முனைக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் பொம்பிளை வீட்டை விட்டுப் போகிற வழக்கம் கிடையாது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். வீடும் வளவும் என் பேரில். அடுத்த வளவு தங்கச்சி நஸீறாவின் பேரில். நடுவில் வேலி, வேலியில் ஆள் நுழைந்து போய்வர ஒரு கடப்பு. பிறந்து இருபத்தாறு வருடத்தில், ஆஸ்பத்திரியைத் தவிர, ஒரு ராத்திரிகூட நான் என் வளவுக்கு வெளியே படுத்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்காரி இன்னொருத்தி வீட்டுக்கு வேலைக்காரியாக வந்தேன்.

காரணம் உங்களுக்குத் தெரியாததில்லை. சவளக்கடைப் பக்கம் எங்களுக்கிருந்த வயலுக்குத் தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு போய்வர ஏலாமல் போனது. எங்களுக்கு அங்கே போகப் பயம், அங்கே இருந்தவர்களுக்கு எங்களைக் கண்டால் பயம். என் மகள் றிஸ்னாவின் வாப்பா, அதுதான் என் மாப்பிள்ளை, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு விறாந்தையில் குந்தியிருந்தார். ஆம்பிளைகளுக்கு விசா வர வருசக்கணக்காகும், பொம்பிளைகளுக்கு ஒரு மாதம் போதும் என்றார்கள்.

ஏஜென்சிக்காரன் ஃபோம் நிரப்பினான். 'பிள்ளைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான்.

"என்ன தம்பி இது, புள்ள இரிக்கே" என்றேன்.

"கைப்புள்ளக்காரி எண்டா அவனுகள் எடுக்க மாட்டானுகள் ராத்தா. எழுத்தில மட்டுந்தானே. புள்ள எங்கயும் போகாது."

அந்த நேரம் றிஸ்னா என் முந்தானைக்குள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதம். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்து வைத்தேன். 'இல்லை' என்ற சொல்லுக்கு நேர்கீழேதான் கையெழுத்து விழுந்தது.

3

நான் வந்து இறங்கியபோது இந்த வீட்டுப் பிள்ளை பஹத் நாற்பது நாள் குழந்தை. மேடத்துக்கு, அதுதான் எஜமானின் பெண்சாதிக்கு, வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தது. காய்ச்சல் வந்து, மருந்து குடித்து, பாலும் வற்றிவிட்டது. டின் பால்தான். "நீ ராத்திரி பிள்ளையைப் பார், எனக்கு உறக்கம் வேணும்" என்று கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினா. காட்டினால்தான் எனக்கு விளங்கும். ஆறு வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறவள் நான், முழுக்க ஓதி முடித்துத் தமாம் செய்தவள். ஆனால் "தண்ணி கொண்டு வா" என்று அரபியில் சொன்னால் முழித்துக்கொண்டு நின்றேன். ஓதத் தெரியும், கதைக்கத் தெரியாது. மேடத்துக்கு அது பெரிய அதிசயம். தொழுகையில் நான் ஓதுவதைக் கேட்டுவிட்டு, "இவள் தெரிந்துகொண்டே நடிக்கிறாள்" என்று முதல் மாதம் சந்தேகப்பட்டா.

பஹத் உறங்கமாட்டான். பகலில் கண்ணை மூடிக் கிடப்பான், ராத்தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொன்னால் தொடங்குவான். தோளில் போட்டு நடந்தேன். நெஞ்சில் கவிழ்த்தேன். கலிமாவைச் சொல்லி முதுகில் தட்டினேன். ஊரில் என்றால் முகட்டு வளையில் கயிற்றை எறிந்து ஒரு சேலையில் ஏணை கட்டியிருப்பேன், ரெண்டு ஆட்டு ஆட்டினால் கதை முடிந்தது. இங்கே முகட்டில் வளையுமில்லை, கொழுக்கியுமில்லை. வழுவழுவென்று வெள்ளைச் சீமெந்து. கடைசியில் ஸ்திரிக்கை போடுகிற மேசையின் காலுகளுக்கு நடுவே என் சேலையைக் கட்டி, அதற்குள் அவனைக் கிடத்தி, நான் நிலத்தில் குந்தியிருந்து ஆட்டினேன். ரெண்டு நாள் உறங்கினான். மூன்றாம் நாள் பகலில் மேடம் அந்தச் சேலையைக் கண்டு, காயப்போட்ட துணி என்று நினைத்து, மடித்து அலுமாரியில் வைத்துவிட்டா. அந்தப் பாஷைக்கு நான் எங்கே போய் ஏணையை விளக்குவது? விட்டுவிட்டேன்.

எனக்கோ நெஞ்சில் பால். பிள்ளையை விட்டுவந்து மூன்று கிழமை, வற்றவில்லை. கல்லாட்டம் கட்டிப்போய் ராத்திரியில் காய்ச்சல் காயும். குசினித் தொட்டியில் பீச்சி ஊற்றுவேன், பைப்பைத் திறந்து விடுவேன். றிஸ்னாவின் பால் அந்தத் துவாரத்தால் சுழன்று போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேடத்துக்குத் தெரியக்கூடாது. ஃபோமில் எனக்குப் பிள்ளையில்லை அல்லவா.

ஒரு ராத்திரி பஹத் இஷாவுக்குத் தொடங்கியவன் விடியல் சுபஹுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்வரை நிறுத்தவில்லை. குரல் அடைத்துப்போய், சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து அழுதான். அந்த வாயைக் கண்டதும் என் சட்டை நனைந்துவிட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கதவைத் தாழ்ப்பாள் போட்டேன், குடுத்தேன். ரெண்டு பக்கமும் குடித்துவிட்டு, முலையை விட்டுவிட்டு, தலையைத் தொங்கப்போட்டு உறங்கினான். நானும் உறங்கினேன். சவூதிக்கு வந்த பிறகு நான் உறங்கிய முதல் உறக்கம் அது.

4

நமக்குத் தெரிந்த சட்டந்தான். வயிறு நிறைய ஐந்து தரம் குடித்தால் அவள் அந்தப் பிள்ளைக்குப் பால்குடித் தாய். அவள் பெற்றதெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தது. அவர்களுக்குள் கலியாணம் ஹறாம், கூடவே கூடாது. மறுமைவரைக்கும் அழியாத உறவு.

முதல் தரம் பசிக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தரம், நேற்றும் குடுத்ததுதானே. மூன்றாவது தரம் எனக்குக் காய்ச்சல், நோவு தாங்கவில்லை, குசினித் தொட்டிக்குக் குடுப்பதைப் பிள்ளைக்குக் குடுத்தால் என்ன? நாலாவது தரத்துக்கு நான் காரணம் தேடவே இல்லை.

ஐந்தாவது ராத்திரி சுவரோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு, சட்டை ஊசியைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். குடுக்கமாட்டேன் என்று பிடிவாதம். டின் பாலைக் கரைத்துப் போத்தலை வாயில் வைத்தேன், துப்பினான். ஆட்டினேன், கத்தினான். மேடத்தின் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவ வந்து பார்த்து, "உனக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது" என்று நாளைக்கே திருப்பி அனுப்பினால்? விசாவுக்குக் குடுத்தது, வயல், விறாந்தையில் குந்தியிருக்கிற மனிசன், எல்லாம் கண்ணுக்குள் வந்தது. ஊசியைக் கழற்றினேன். சத்தம் நின்றது. மேடத்தின் காலடி பாதியில் திரும்பிப்போனது.

அதற்குப் பிறகு எண்ணுவதில் அர்த்தமில்லை. பத்து மாதம் குடுத்தேன். அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பஹத்துக்குத் தெரியும். அவன் ஆருக்கும் சொல்லவில்லை.

5

றிஸ்னாவின் வாப்பா மாதம் ஒரு கடிதம் போடுவார். முதல் கடிதம் முழுக்க உறக்கந்தான். "புள்ள ராவெல்லாம் உறங்குறாளில்ல. ஏணைக்குள்ள போட்டா எழும்பிக் குந்திக்கொண்டு வாசலப் பாக்கிறாள். ஊரடங்கு நேரத்தில இப்பிடிக் கத்தினா ரோட்டால போறவன் என்ன நினைப்பான் எண்டு எனக்கு நெஞ்சு பதறுது. நஸீறா கடப்பால ஓடி வந்து தூக்கிக்கொண்டு போறாள்."

அதை வாசித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. அந்த ராத்திரி பஹதைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது. என் பிள்ளை அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், நீ இங்கே கிடந்து குடிக்கிறாய் என்று அவனுடைய காலில் ஒரு தட்டுத் தட்டினேன். அவன் சிரித்தான். முதல் சிரிப்பு. வேறு நாளென்றால் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

நாலைந்து கடிதம் போனபிறகு, "இப்ப நல்லா உறங்குறாள். நஸீறாட நெஞ்சில கிடந்தாத்தான் உறக்கம். நீ யோசிக்காத" என்று வந்தது. என்ன நிம்மதி என்று முதலில் நினைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் எரிச்சல் வந்தது. நஸீறாவுக்கு இன்னும் பிள்ளை கிடைக்கவில்லை. அவளுக்கு நெஞ்சில் பாலில்லை. வெறும் நெஞ்சில் என் பிள்ளை உறங்குகிறாள், என் பாலில் ஆரோ பெற்றவன் உறங்குகிறான். தங்கச்சி மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டேன்.

6

இரண்டு வருடம் முடிந்தது. "போகவேணும் மேடம்" என்றேன். இதற்குள் கதைக்கப் பழகியிருந்தேன். நோன்பு முடியட்டும் என்றா. நோன்பு முடிந்தது. ஹஜ் முடியட்டும் என்றா. அது முடிந்ததும் தன் தம்பியின் கலியாணம் என்றா. பாஸ்போர்ட் எஜமானின் இரும்பு அலுமாரிக்குள். அவர் கையெழுத்துப் போட்டு வெளியேறும் அனுமதி எடுக்காமல் விமான நிலையத்து வாசலைக்கூடத் தாண்ட ஏலாது. கோபித்துக் கேட்டால், "பஹத் உன்னை விட்டால் உறங்கமாட்டானே" என்று என் கையைப் பிடித்துக்கொள்வா. மெய்தான், உறங்கமாட்டான். இரண்டு வயது தாண்டியும் என் காதைப் பிடித்துக்கொண்டு கிடந்தால்தான் அவனுக்குக் கண் சொருகும்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு மச்சிமார் இருந்தார்கள், ஒருத்தி மற்றவளின் நானாவை, அதுதான் அண்ணனை, கட்டியவள். உங்களில் சிலருக்கு ஆள் விளங்கும், பேர் வேண்டாம். நானாவின் பெண்சாதிக்குச் சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரடங்கு போட்டு ரெண்டு நாள் திரும்பிவர ஏலவில்லை. அவளுடைய கைக்குழந்தை கத்தியது. தங்கச்சிக்காரிக்கும் கைப்பிள்ளை, பால் இருந்தது. இரக்கப்பட்டுக் குடுத்தாள். தாய் வந்து முதல் நாள் கட்டிப்பிடித்து அழுதாள். இரண்டாம் நாள் எண்ணிப் பார்த்தாள். அந்தப் பெண்பிள்ளையை, பிறந்த அன்றே, பால் குடுத்தவளுடைய மூத்த மகனுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். மச்சான் முறை ஒரே ராத்திரியில் நானா முறையாகிவிட்டது. "என்ட புள்ளட வாழ்க்கைய நாசமாக்கிட்டியேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடப்பை முள்ளுக் கம்பியால் அடைத்தார்கள். இன்றைக்கும் கதை பேச்சில்லை.

நம் ஊரில் பால் விசயம் என்றால் இதுதான் நடக்கும். கேளாமல் குடுத்தவள் வாசல் மிதிக்க ஏலாது. அப்போ நானும் சொன்னால்? நான் பொய் ஃபோமில் வந்தவள், கேளாமல் பால் குடுத்தவள். மேடம் பேய்க்கோபம் கொள்ளுவா. அடித்தாலும் அடிக்கட்டும். பாஸ்போர்ட்டை முகத்தில் எறிந்து, அடுத்த பிளைட்டில் ஏற்றிவிடுவா. மூன்று நாள் இந்தத் திட்டத்தை நினைத்து நினைத்துச் சந்தோசப்பட்டேன். பெட்டியில் உடுப்புக்கூட மடித்து வைத்தேன்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மேடம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தா. முன்னால் நிலத்தில் போய் உட்கார்ந்தேன். பால் குடுப்பதற்குத் தெருவில் கதைக்கிற சொல் எனக்குத் தெரியாது. குர்ஆனில் ஓதிய சொல் தெரியும். அதைத்தான் சொன்னேன், ஓதுகிற மாதிரியே சொன்னேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், பஹத்துக்குப் பால் குடுத்தவள் நான்.

மேடம் கோப்பையை வைத்தா.

"எத்தனை தரம்?"

"எண்ண ஏலாது மேடம். பத்து மாதம்."

எழும்பி வந்தா. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அடி விழப்போகிறது என்று. என் தலையில் முத்தம் வைத்தா. அழுதா. "என் பாலில்லாத நாளில் என் பிள்ளை பட்டினி கிடக்கவில்லை" என்றா. இவர்கள் ஊரில் பெரிய பெரிய குடும்பத்துப் பிள்ளைகளையே பால் குடுக்க வேறு பெண்களிடம் அனுப்பின காலம் இருந்ததாம். பால்குடித் தாய்க்குத் தாய்க்குள்ள மரியாதையாம். சாய்ந்தமருதுக் கணக்கை வைத்து சவூதியில் திட்டம் போட்ட மடச்சி நான், நிலத்தில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

7

அன்று ராத்திரியே என் படுக்கையைக் குசினிக்குப் பின்னாலிருந்த அறையிலிருந்து தூக்கிப் பிள்ளையின் அறையில் போட்டார்கள். நிலம் துடைக்க வேறொரு பெண் வந்தாள். ஒருநாளும் முகம் பார்த்துக் கதைக்காத எஜமான் கதவருகில் நின்று ஸலாம் சொன்னார். பஹத்துக்கு என்னை "யும்மா" என்று கூப்பிடச் சொல்லிக் குடுத்தார்கள். அது இவர்கள் தாயைக் கூப்பிடுகிற சொல். அவன் ஏதோ நெடுகத் தெரிந்த விசயம் மாதிரி உடனே கூப்பிட்டான்.

ஒரு கிழமை பொறுத்து, "அப்போ நான் எப்ப போறது?" என்றேன்.

மேடம் சிரித்தா. "தாயை ஆராவது வீட்டை விட்டு அனுப்புவார்களா?"

பகிடிக்குச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னா. அதுதான் என்னைக் கொன்றது. அடிக்கிற வீடு, சோறு போடாத வீடு என்றால் ஓடியிருப்பேன். ஓடுகிறவர்கள் எத்தனை பேர். என்னை ஆர் நம்புவார்கள்? எம்பசியில் போய் நின்று, "தலையில முத்தம் வெக்கிறாங்க சேர், என்னக் காப்பாத்துங்க" என்று சொல்லவா? பஹதைப் பிடிக்காமலும் இல்லை எனக்கு. அவன் காய்ச்சலில் கிடந்தால் என் வயிறு எரிகிறது. அதற்காகவும் அவன்மேல் கோபமாக இருக்கிறது.

றிஸ்னாவுக்கு ஒரு பால்குடித் தம்பி இருக்கிறான் என்று வாப்பாக்காரனுக்குச் சொல்லாமல் இருப்பது பாவம். எழுதினேன். கூடவே, "எப்படியாவது அங்கிருந்து கேட்டு என்னை எடுங்கள், தாய்க்குக் கடுமை என்று தந்தியாவது அடியுங்கள்" என்றும் எழுதினேன். பதில் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். நன்மையான காரியம் செஞ்சிரிக்காய். இப்ப உனக்கு அங்க மரியாத தானே, வேலையும் குறைவு தானே. இப்பிடி வீடு ஆருக்குக் கிடைக்கும்? இன்னும் ரெண்டு வருசம் இரி. குசினிப் பக்கத்தையும் கட்டி முடிச்சிரலாம். புள்ளயப் பத்தி யோசிக்காத, அவள் நல்லா உறங்குறாள்."

கடிதத்தை நாலாய் மடித்தேன். எட்டாய் மடித்தேன். அதற்குமேல் மடிக்க ஏலவில்லை.

8

தாயானதற்குக் கிடைத்த இன்னொரு சலுகை, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வீட்டுத் தொலைபேசியில் ஊருக்குப் பத்து நிமிடம். எங்கள் சந்திக் கொமினிகேஷன் கடையில் அவர்கள் வந்து காத்திருப்பார்கள். போன தடவைகளில் றிஸ்னா வாய் திறக்கவில்லை. மூன்று வயது தாண்டிவிட்டாள், நல்லாக் கதைப்பாள் என்கிறார்கள். ரிசீவரைக் காதில் வைத்தால் மூச்சு மட்டும் கேட்கும்.

நேற்று அந்த வெள்ளி. வியாழக்கிழமை ராத்திரி முழுக்க இகாமாவைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு நான் மனதை உறுதியாக்கி ஒரு நிய்யத்து வைத்தேன். நாளைக்கு என் பிள்ளை ஒரு தரம், ஒரே ஒரு தரம், "உம்மா" என்று சொன்னால் போதும். பச்சைத் தண்ணி குடிக்காமல் அந்த இரும்பு அலுமாரிக்கு முன்னால் போய்க் குந்திவிடுவேன். பாஸ்போர்ட்டை எடுக்காமல் எழும்பமாட்டேன். மாப்பிள்ளை என்ன சொன்னாலும் சரி, பஹத் உறங்கினாலும் சரி, உறங்காவிட்டாலும் சரி.

நஸீறாதான் எடுத்தாள். பக்கத்தில் றிஸ்னா நிற்கிறாள் என்றாள். பஹத் அன்று பகல் உறங்கவில்லை. உறக்கக் கலக்கத்தில் என் காலைக் கட்டிக்கொண்டு, தூக்கு தூக்கு என்று வீறிட்டுக்கொண்டிருந்தான். ஒரு கையால் அவனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ரிசீவரப் புள்ளட காதில வெய்" என்றேன்.

மூச்சுக் கேட்டது.

"றிஸ்னா, உம்மா கதைக்கிறன் மகள். உம்மா எண்டு செல்லு பாப்பம்."

மூச்சு.

"ஒருக்காச் செல்லு மகள். உம்மா எண்டு செல்லு."

பஹத் என் காலடியில் நிலத்தில் விழுந்து கத்தினான். நான் குனியவில்லை. ரிசீவரைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு நின்றேன்.

அப்போது றிஸ்னா கதைத்தாள். தெளிவாக, பயமில்லாமல் கதைத்தாள். என்னோடு இல்லை. முகத்தைத் திருப்பி, பக்கத்தில் நின்ற நஸீறாவிடம் சொன்னாள்.

"உம்மா, அங்க ஒரு புள்ள அழுகுது. தூக்கச் செல்லுங்க."

நான் குனிந்து பஹதைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அவன் என் காதைப் பிடித்தான்.

"ஓம் மகள், தூக்கிட்டன்" என்றேன்.